மின்சாரம் விற்பவர்களுக்குப் பசுமைப் பங்கு கட்டாயம்: அது என்ன, இனி என்ன ஆகும்?

அமெரிக்க மாநிலங்கள் பல போட்டிருக்கும் சட்டம் இது. மின்சாரம் விற்கும் நிறுவனம், தான் விற்பதில் குறிப்பிட்ட பங்கைக் காற்று, வெயில் போன்றவற்றிலிருந்து எடுத்தே ஆகவேண்டும். 1983 இல் அயோவா தொடங்கி வைத்தது. கலிபோர்னியா 2030 அளவில் 60 வீதம் கேட்கிறது. ஹவாய் 2045 இல் 100.

எங்கள் ஊர்ச் சங்கக்கடையை வைத்துப் பாருங்கள். விற்கும் பத்து மூடை அரிசியில் மூன்று மொட்டைக்கறுப்பன் என்ற நாட்டு நெல்லரிசியாக இருக்கவேண்டும் என்று உத்தரவு வருகிறது. கிளிநொச்சிக் கமக்காரருக்கு விதைக்கும்போதே வாங்க ஆள் நிச்சயம்; வங்கியும் துணிந்து கடன் கொடுக்கும். நெல் கிடைக்காத கடை, கூடுதலாக வாங்கிய கடையிடம் அதற்கான துண்டுச்சீட்டை விலைக்கு வாங்கிக் கணக்குக் காட்டலாம். மின்சாரத்திலும் இப்படித்தான் சான்றிதழ் கைமாறுகிறது. காற்றாலைக்கு முதலில் கொட்டும் காசுதான் பெரிது (காற்றுக்கு யாரும் பில் அனுப்புவதில்லை). அதனால்தான் அந்த நிச்சயம் அவ்வளவு முக்கியம்.

சரி, இனி? சோலர் மலிந்துவிட்டதால் சட்டம் தள்ளாமலே பல இடங்களில் கட்டுகிறார்கள். ஒகையோ 2019 இல் பங்கைக் குறைத்தே விட்டது. அடுத்த இழுபறி மின்கம்பிக்கும் பற்றரிக்கும்தான் என்பது என் கணிப்பு. இலங்கையையே பாருங்கள்: 2030 இல் 70 வீதம் என்பது அரசின் இலக்கு, மன்னாரில் 103.5 மெகாவாற் காற்றாலையும் சுற்றுகிறது. ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை விழுந்ததும், கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள்.

60 வீதம் என்றதும் வீட்டு பல்ப்பில் எரிவதில் 60 வீதம் வெயில் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் ஒரே கம்பியில் கலந்துதான் வருகிறது, பங்கு பிரிவது கணக்குப் புத்தகத்தில்.