1.8-ஐ விட 2.6 பெரிதா?

கேள்வி: கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதுகிறேன். 'முன்பள்ளியில் பெண் குழந்தைகளுக்கு எதிர்பார்க்கப்படும் கல்வி ஆண்டுகள்' என்ற பட்டியலில் ஒரு நாட்டுக்கு 1.8 என்றும் இன்னொரு நாட்டுக்கு 2.6 என்றும் இருக்கிறது. முதல் நாட்டில் பெண் குழந்தைகள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று எழுதலாமா?

பதில்: இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்து எழுத வேண்டாம். அந்தந்த நாட்டில் முன்பள்ளி மொத்தம் எத்தனை வருடம் என்று முதலில் பாருங்கள். யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம் வெளியிடும் தரவிலேயே 'முன்பள்ளியின் அதிகாரபூர்வக் கால அளவு' என்று தனியாக ஓர் எண் உண்டு. முன்பள்ளிக் காலம் பல நாடுகளில் 3 வயதில் தொடங்கித் தொடக்கப்பள்ளியில் சேரும் வயது வரை ஓடும். பின்லாந்தில் 7 வயதில்தான் தொடக்கப்பள்ளி என்பதால் 4 வருடம். பிரான்ஸில் 3. பிரிட்டனில் 5 வயதிலேயே தொடக்கப்பள்ளி ஆரம்பித்துவிடுவதால் 2 வருடம்தான்.

நீங்கள் நாடுகளின் பெயரைச் சொல்லவில்லை. முதல் நாட்டில் 2 வருடம், இரண்டாவதில் 4 வருடம் என்று வைத்துக்கொள்வோம். 1.8-ஐ 2-ஆல் வகுத்தால் 0.9. 2.6-ஐ 4-ஆல் வகுத்தால் 0.65. கதை அப்படியே தலைகீழாகிவிட்டது! முதல் நாட்டுப் பெண் குழந்தைகள் தங்களுக்குக் கிடைக்கக்கூடிய காலத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் பெறுகிறார்கள். இரண்டாவது நாட்டில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. இரண்டு நாட்டிலும் கால அளவு ஒன்றாக இருந்தால் மட்டுமே எண்களை நேரடியாக ஒப்பிடலாம்.

இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு ஏமாற மாட்டீர்கள். ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனியாக, முன்பள்ளியில் பெயர் பதிந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கையை அந்த வயதுப் பெண் குழந்தைகளின் மொத்த எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். வயதுக்கு 50,000 பெண் குழந்தைகள் இருக்கும் ஒரு கற்பனை நாட்டில் 3 வயதில் 30,000 பேர், 4 வயதில் 40,000 பேர், 5 வயதில் 45,000 பேர் பதிந்திருக்கிறார்கள் என்றால் 0.6, 0.8, 0.9. 6 வயதாகியும் முன்பள்ளியிலேயே இருக்கும் 5,000 பேருக்கு 0.1. எல்லாவற்றையும் கூட்டினால் 2.4 வருடம். இன்றைய சேர்க்கை நிலவரம் இப்படியே நீடித்தால் இப்போது 3 வயதில் நுழையும் ஒரு சிறுமி சராசரியாக இவ்வளவு காலம் முன்பள்ளியில் இருப்பாள் என்று பொருள். இது இன்றைய நிலவரத்தின் ஒரு படம்தான். எந்தக் குழந்தையையும் பின்தொடர்ந்து எண்ணிய கணக்கு அல்ல.

வயதுவாரி விவரம் இல்லாத இடத்தில் குறுக்கு வழி ஒன்று உண்டு: மொத்தச் சேர்க்கை விகிதத்தைக் (எந்த வயதாக இருந்தாலும் முன்பள்ளியில் பதிந்த எல்லாரையும் முன்பள்ளி வயதுக் குழந்தைகளின் மொத்த எண்ணிக்கையால் வகுத்தது) கால அளவால் பெருக்குவது. 85 சதவீதம், 3 வருடம் என்றால் 2.55. சில நாடுகளுக்குக் கால அளவையே தாண்டிய எண் வருவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். வயது மீறிய குழந்தைகளும் கணக்கில் சேர்ந்திருப்பார்கள், அல்லது மக்கள்தொகை மதிப்பீடு குறைவாக இருக்கும். வகுக்கும் எண்ணான அந்த மக்கள்தொகை 5 சதவீதம் குறைந்தால் 2.6-ஆக இருக்க வேண்டியது 2.7-ஆகத் தெரியும். அதனால் 0.1 வித்தியாசத்தை வைத்துக் கட்டுரையே எழுதிவிடாதீர்கள். அதே சமயம், எண்ணிக்கை சரியாக இருந்தால் 0.1 என்பது ஒரு வயதில் பத்தில் ஒரு சிறுமி. அலட்சியப்படுத்தும் அளவும் இல்லை.

பலர் சறுக்குவது இங்கேதான்: 5 வயதிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்ட சிறுமி முன்பள்ளிக் கணக்கில் வரமாட்டாள். பெண் குழந்தைகளைச் சீக்கிரமே தொடக்கப்பள்ளியில் சேர்க்கும் நாட்டில் இந்த எண் இறங்கும், ஆனால் அவர்கள் வீட்டில் சும்மா இருக்கவில்லை. இதைச் சரிபார்க்க, தொடக்கப்பள்ளியில் சேரும் வயதுக்கு ஒரு வருடம் முன்பு ஒழுங்கமைந்த கற்றலில் இருக்கும் பெண் குழந்தைகளின் விகிதத்தை எடுத்துப் பாருங்கள். ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் இது 4.2.2 என்ற எண்ணிட்ட குறியீடு. முன்பள்ளி, தொடக்கப்பள்ளி இரண்டில் எதில் இருந்தாலும் அதில் கணக்கு உண்டு.

இனி உங்கள் கேள்வியின் மையம். 'பெண் குழந்தைகள் பின்தங்கியிருக்கிறார்கள்' என்றால் யாரை விட? அதே நாட்டு ஆண் குழந்தைகளின் எண்ணை நீங்கள் எடுக்கவே இல்லையே. பெண்களின் எண்ணை ஆண்களின் எண்ணால் வகுங்கள். 0.97 முதல் 1.03 வரை வந்தால் சமநிலை என்று கொள்வது வழக்கம். முதல் நாட்டில் பையன்களுக்கும் 1.8 என்றால் அங்கே பால் பாகுபாட்டுக்கு இந்த எண்ணில் ஆதாரம் இல்லை. முன்பள்ளிக் காலமே குறைவு, அவ்வளவுதான். பெண்கள் 1.8, பையன்கள் 2.0 என்றால் 0.9, அப்போது எழுத விஷயம் இருக்கிறது. பொதுவாக இந்த வயதில் ஆண்-பெண் இடைவெளியைவிட ஏழை-பணக்கார இடைவெளிதான் பெரிதாக இருக்கும். அது இந்தச் சராசரியில் மறைந்துவிடும். யுனிசெப் உதவியுடன் நடக்கும் குடும்ப ஆய்வுகள் போன்றவற்றில்தான் தெரியும்.

எந்த மையங்கள் எண்ணப்படுகின்றன என்பதும் முக்கியம். சர்வதேசக் கல்வி வகைப்பாட்டின்படி ஒரு நாளைக்கு 2 மணி நேரம், வருடத்துக்கு 100 நாள் என்ற அளவுக்காவது நடந்தால்தான் அது கல்வித் திட்டம். அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் 2 மணி நேர மையத்துக்கும் 7 மணி நேரப் பள்ளிக்கும் ஒரே மதிப்பு. வருகையும் எண்ணப்படுவதில்லை, பெயர்ப் பதிவு மட்டுமே. கல்வித் துறை அல்லாத வேறு துறை நடத்தும் மையங்களும், பதிவு செய்யாத தனியார் மையங்களும் விட்டுப்போயிருக்கலாம்.

ஆண்டையும் பொருத்திக்கொள்ளுங்கள். 2018-19 கல்வியாண்டு பட்டியலில் 2019 என்றே இருக்கும். ஒரு நாட்டுக்கு 2019, இன்னொன்றுக்கு 2021 என்று எடுத்தால் நடுவில் கொரோனாவால் மையங்கள் மூடிக் கிடந்த காலம் வந்துவிடும். 1.8-ஐ 'ஒரு வருடம் எட்டு மாதம்' என்றும் எழுதிவிடாதீர்கள், 0.8 வருடம் என்பது ஒன்பதரை மாதத்துக்கு மேல். தசமமாகவே விடுங்கள்.

கட்டுரையில் இப்படி எழுதலாம்: 'இந்த ஆண்டுச் சேர்க்கை நிலவரப்படி, முதல் நாட்டில் ஒரு சிறுமிக்கு 2 வருட முன்பள்ளியில் 1.8 வருடமும், இரண்டாவது நாட்டில் 4 வருட முன்பள்ளியில் 2.6 வருடமும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.' கால அளவை மட்டும் நான் வைத்துக்கொண்டதை எடுத்துவிட்டு உண்மையானதைப் போடுங்கள். பையன்களின் எண்களைப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் கொடுங்கள்.