பெனிசிலின் போட்டும் கன்றின் இருமல் திரும்புவது ஏன்?

இரண்டு தடவை பெனிசிலின் போட்டும் பத்தே நாளில் இருமல் திரும்பிவிட்டது, கன்றுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். சக்தி இருக்கலாம். கிருமிதான் அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது.

நீங்கள் சொல்லும் அடையாளங்களில் காது தொங்குவதும் மூட்டு வீங்குவதும் என் கண்ணில் பட்டன. இருமலோடு இவையும் சேர்ந்தால் முதலில் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற பாக்டீரியாவைத்தான் சந்தேகிப்பேன். அதற்குச் செல்சுவரே, அதாவது பாக்டீரியாவைச் சுற்றியிருக்கும் கெட்டியான உறையே, கிடையாது. பெனிசிலின் தாக்குவது அந்தச் சுவர் கட்டும் வேலையைத்தான். சுவரே இல்லாதவனிடம் அது என்ன செய்யும்? போதாக்குறைக்கு, மேற்பரப்புப் புரதங்களை இது அடிக்கடி மாற்றிக்கொள்கிறது. இன்றைய முகத்துக்கு உடல் எதிர்ப்பொருள் தயாரித்து முடிப்பதற்குள் கிருமி வேறு முகம் காட்டும். கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்களுக்குள்ளேயே பதுங்கவும் செய்யும்.

கூடவே மான்ஹைமியா ஹீமோலிடிக்காவும் இருக்கலாம். நலமான மாட்டின் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும் கிருமி அது. பயணக் களைப்பு, வைரஸ் தொற்று என்று ஏதாவது வந்தால் நுரையீரலுக்கு இறங்கிவிடும். அது உமிழும் லியூக்கோடாக்சின் என்ற நஞ்சு, அசைபோடும் விலங்குகளின் வெள்ளணுக்களில் உள்ள சிடி18 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு அணுவில் ஓட்டை போடுகிறது. வெடித்த அணுவிலிருந்து கொட்டும் நொதிகள் நுரையீரல் திசுவையே அரிக்கும். காவலாளியின் தடியாலேயே வீட்டை உடைக்கிற கதை.

ஆகவே மூன்றாவது ஊசிக்கு முன் நுரையீரல் கழுவு நீரை எடுத்து பிசிஆர் சோதனை (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) செய்யும்படி கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மைக்கோபிளாஸ்மா என்றால் மருந்தை மாற்ற வேண்டும், நாட்களும் கூடும். அதுவரை கன்றைத் தனியே கட்டுங்கள்.