பெங்களூரு வீட்டுத் தொட்டியில் பிரான்ஹா முட்டை வைத்திருக்கிறது. குஞ்சுகளைக் காப்பாற்றுவது எப்படி?

கேள்வி: 5 அடித் தொட்டியில் ஆறு ரெட் பெல்லி பிரான்ஹா வளர்க்கிறோம். இரண்டு மட்டும் கறுத்துப்போய், ஒரு மூலையில் ஜல்லியைக் குழியாக்கி ஆரஞ்சு நிறத்தில் முட்டை வைத்திருக்கின்றன. இனி என்ன செய்ய வேண்டும்?

பதில்: குழி பறித்து முட்டை வைத்தது என்றாலே உங்களிடம் இருப்பது அசல் பிரான்ஹாதான். கடைகளில் அந்தப் பெயரில் கிடைக்கும் குஞ்சுகளில் பல ‘பாக்கு’ (Pacu) என்ற வேறு மீன் வகை. சாப்பாட்டு மீனாகப் பண்ணையில் வளர்த்து ‘ரூப்சந்த்’ என்று விற்பதும் அதைத்தான். அது கண்ணாடித் தொட்டியில் தானாக முட்டையிடாது. பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் முட்டை எடுக்கிறார்கள்.

முட்டையில் கை வைப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: எத்தனை குஞ்சு வளர்க்கப் போகிறீர்கள்? ஒரு ஈட்டில் ஆயிரம் முட்டைக்கு மேல் சாதாரணமாக இருக்கும். அவ்வளவையும் பொரிக்க வைப்பது பெரிய வேலை இல்லை. மூன்றாவது வாரத்தில் அவ்வளவுக்கும் இடமும் தீனியும் கொடுப்பதுதான் வீட்டில் முடியாத காரியம். இரண்டு மூன்று பெரிய டப் வைக்க இடமிருந்தால் 150 முதல் 200 வரை எடுங்கள். மிச்சத்தைக் குழியிலேயே விட்டுவிடுங்கள். தொட்டியிலுள்ள மற்ற மீன்கள் அவற்றைத் தின்றுவிடும். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் ஆயிரத்தையும் எடுத்துப் பட்டினியில் ஒன்றையொன்று கடிக்க விடுவது அதைவிடக் கொடுமை.

முட்டையை எப்போது எடுப்பது என்பதில் இரண்டு வழி உண்டு. இட்ட மறுநாளே உறிஞ்சி எடுக்கலாம். ஆனால் முட்டைகள் ஜல்லியோடு ஒட்டியிருக்கும், பிய்த்தெடுப்பதில் பல வெள்ளையாகி பூஞ்சை பிடிக்கும். 27, 28 டிகிரி வெப்பத்தில் இரண்டிலிருந்து மூன்று நாளில் பொரித்துவிடும். பொரித்த குஞ்சுகள் வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும் பையோடு குழிக்குள்ளேயே துடித்துக்கொண்டு கிடக்கும். அந்தக் கட்டத்தில் எடுப்பதையே நான் சொல்வேன். அதுவரை தகப்பன் காவல் இருக்கும், துடுப்புகளால் விசிறி முட்டைகளுக்குப் புதுத் தண்ணீர் ஓட விடும். அந்த வேலையை எந்த ஏர் ஸ்டோனும் (காற்றுக் குமிழி விடும் கல்) அவ்வளவு நன்றாகச் செய்யாது.

எடுக்கும்போது வெறுங்கையை உள்ளே விடக் கூடாது. காவலிருக்கும் மீன் விலகிப் போகாது, பாய்ந்து வரும். தொட்டியின் அகலத்துக்கு வெட்டிய அக்ரிலிக் தகட்டைக் குழிக்கும் மீன்களுக்கும் நடுவில் இறக்கித் தடுத்துவிடுங்கள். பிறகு 12 மில்லிமீட்டர் டியூபை ஒரு நீளக் குச்சியில் கட்டி, வெள்ளை வாளிக்குள் மெதுவாக உறிஞ்சி எடுங்கள். வெள்ளை வாளியில்தான் குஞ்சு கண்ணுக்குத் தெரியும்.

குஞ்சுத் தொட்டிக்கு 40 லிட்டர் போதும். அடியில் ஜல்லி வேண்டாம். தண்ணீர் முழுக்கத் தாய்த் தொட்டியிலிருந்தே எடுங்கள். பெங்களூரில் இது முக்கியம்: ஒரே சம்புக்குள் ஒரு நாள் காவேரி, மறுநாள் போர்வெல், அதற்கு மறுநாள் டேங்கர் என்று கலந்து விழும். போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பல லேஅவுட்களில் 500ஐத் தாண்டும். பெரிய மீன் தாங்கிக்கொள்ளும், மூன்று நாள் குஞ்சு தாங்காது. தினமும் மாற்றப்போகும் தண்ணீரை முந்தைய நாளே ஒரு டிரம்மில் பிடித்து, ஆன்டி குளோரின் போட்டு, ஏர் ஸ்டோன் ஓட விட்டு, டி.டி.எஸ். மீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டித் தண்ணீரைவிட மிகவும் கூடியிருந்தால் ஆர்.ஓ. தண்ணீர் கலந்து இறக்கலாம். வெறும் ஆர்.ஓ. மட்டும் ஊற்றக் கூடாது.

ஃபில்டர் என்றால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும்தான். மோட்டார் வைத்த எதுவும் குஞ்சை உள்ளே இழுத்துவிடும். அந்த ஸ்பாஞ்ச் ஒரு மாதமாவது தாய்த் தொட்டியில் ஓடி, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஏறியதாக இருக்க வேண்டும். கடையிலிருந்து வாங்கிய புது ஸ்பாஞ்ச் முதல் வாரத்தில் ஒன்றுக்கும் உதவாது. முட்டையாகவே எடுத்திருந்தால் பூஞ்சைக்காக மெத்திலின் புளூ விடலாம். தண்ணீர் வெளிர்நீலமாகி முட்டை தெளிவாகத் தெரியும் அளவுக்கு மேல் வேண்டாம். அது ஸ்பாஞ்சின் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். ஆகவே பொரிக்கும்வரை ஏர் ஸ்டோன் மட்டும் ஓடட்டும். பிறகு பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு ஸ்பாஞ்சை இறக்குங்கள்.

ஹீட்டர் 75 அல்லது 100 வாட், மேலே மூடி கட்டாயம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே ஹீட்டர் இல்லாத தொட்டி 22 டிகிரிக்கும் கீழே போகும், பொரிப்பது தள்ளிப்போய்ப் பூஞ்சை முந்திக்கொள்ளும். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

பொரித்து ஐந்து நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மஞ்சள் கரு கரைந்து குஞ்சு நீந்தத் தொடங்கும். அதற்கு முன் தீனி போட்டால் தண்ணீர்தான் கெடும். நீந்திய நாளிலிருந்து, அப்போதுதான் பொரித்த ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் நுண்ணிய இறால் போன்ற உயிரி) கொடுங்கள். பிரான்ஹா குஞ்சின் வாய் பெரிது. அதைவிட நுண்ணிய தீனி தேடி அலைய வேண்டியதில்லை. கடையில் ‘ஓடு நீக்கிய ஆர்டீமியா’ என்று உலர்த்தி விற்பது பொரிக்காது, அப்படியே போடும் தீனி அது. பொரிக்கும் முட்டை என்று கேட்டு வாங்கி, டப்பாவைக் காற்றுப் புகாமல் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஆர்டீமியா பொரிக்கும் முறை: 2 லிட்டர் பெட் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் அயோடின் இல்லாத கல் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, 1 முதல் 2 கிராம் முட்டை. வாய்ப்பக்கம் அடிவரை ஏர் டியூப் போக வேண்டும், முட்டை தங்காமல் சுழல வேண்டும். பக்கத்தில் ஒரு விளக்கு, 27 டிகிரி வெப்பம். 24 மணி நேரத்தில் தண்ணீர் ஆரஞ்சாகத் தெரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், உயிருள்ளவை வெளிச்சம் இருக்கும் பக்கம் கீழே கூடும். அங்கிருந்து உறிஞ்சி, நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓடு கலக்கக் கூடாது. குஞ்சு அதை விழுங்கினால் குடல் அடைத்துச் செத்துப்போகும். ‘நன்றாகத் தின்ற குஞ்சுகள் திடீரென்று சாகின்றன’ என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தினம் ஒரு பாட்டில் வீதம் இரண்டு பாட்டில்களை மாறி மாறி ஓட்டினால் தீனி அறாது. பொரித்து ஒரு நாள் தாண்டிய ஆர்டீமியாவில் சத்து குறைந்துவிடும்.

காலை முதல் இரவு வரை நான்கைந்து வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. வயிறு ஆரஞ்சாகப் புடைத்திருந்தால் தின்றிருக்கிறது. ஆர்டீமியா நல்ல தண்ணீரில் சில மணி நேரத்தில் செத்து அடியில் படிந்து அம்மோனியா ஆகும். அதனால் தினமும் இரவு மெல்லிய ஏர் டியூபால் அடியை உறிஞ்சி, 30 சதவீதத் தண்ணீரை அதே வெப்பத்தில் மாற்ற வேண்டும். இதில் ஒரு நாள் விட்டாலும் மறுநாள் காலை செத்த குஞ்சுகள் அடியில் தெரியும்.

இப்போது கடினமான கட்டம். இரண்டாவது வாரக் கடைசியில் சில குஞ்சுகள் மற்றவற்றைவிட ஒரு சுற்றுப் பெரிதாகிவிடும். பெரியது சின்னதின் வாலை, பிறகு கண்ணைக் கடிக்கும். கடிபட்டது தீனிக்கு முந்த முடியாமல் இன்னும் சிறுத்துப்போகும், மறுபடி கடிபடும். இது கெட்ட குணம் அல்ல. துடுப்பைக் கடித்துத் தின்பது இந்த மீனின் குஞ்சுப் பருவத்து இயல்பு. அதை நிறுத்த முடியாது, குறைக்கத்தான் முடியும். வாரம் இருமுறை ஒரு கப்பால் மொண்டு பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று டப்பாகப் பிரியுங்கள். வலை வேண்டாம், பல் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு டப்பிலும் ஜாவா மாஸ் என்ற நீர்ச்செடி கொத்துக்கொத்தாக இருக்கட்டும். ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று படாதவரை கடி குறையும். 1 சென்டிமீட்டர் அளவில் 100 லிட்டருக்கு நூறு குஞ்சு வைக்கலாம். 3 சென்டிமீட்டர் ஆனபின் அதே இடத்தில் இருபதுக்கு மேல் வேண்டாம்.

1 சென்டிமீட்டர் தாண்டியதும் உறைந்த பிளட் வார்மை (சிவப்புப் புழு) நறுக்கிக் கொடுக்கலாம். அடுத்து, ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கும் இறாலை ஓடுரித்து, அலசி, பொடியாக அரிந்து. சாக்கடை ஓரம் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழு நோயைக் கொண்டுவரும். உயிருள்ள கோல்டு ஃபிஷ்ஷும் வேண்டாம்: ஒட்டுண்ணி வரும், தொடர்ந்து கொடுத்தால் பி1 சத்தும் குறைந்துபோகும். பெல்லட்டை இந்த வயதிலேயே பழக்கிவிடுங்கள், பெரிதானபின் தொடாது.

கொடுப்பதற்கும் விற்பதற்கும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சியதை அல்சூர் ஏரியிலோ வேறெந்தக் குளத்திலோ ஒரு குஞ்சுகூட விடக் கூடாது. தென் அமெரிக்காவின் மீன் அது. நம் ஏரியில் பிழைத்துக்கொண்டால் அங்கிருக்கும் கெண்டைக்கும் விராலுக்கும்தான் கேடு. கைமாற்றும் நாளுக்கு முந்தைய நாள் தீனி வேண்டாம், பைத் தண்ணீர் கெடாது. 3 சென்டிமீட்டர் தாண்டியவற்றை ஒரு பைக்கு ஒன்றாக, பையைக் கடித்துவிடும் என்பதால் இரட்டைப் பையில் போட்டு, மூலைகளை டேப் ஒட்டி மடக்கிக் கட்டுங்கள்.