நிலம் சம்பாதிக்கிறது, காசு யாருக்குப் போகிறது? பி.எல்.எம். நிதி பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவின் நெவாடா, யூட்டா மாநிலங்கள் பக்கம் சுற்றிவிட்டு வந்த சிலர், வழியெல்லாம் ‘பி.எல்.எம். நிலம்’ (நில மேலாண்மைப் பணியகம் என்ற அரசுத் துறையின் நிலம்) என்று பலகை பார்த்தோம், இத்தனை இடத்தையும் யார் காசில் பராமரிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களைப் பல வருடமாக வாசித்து வருகிறேன். வந்த கேள்விகளில் முக்கியமானவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: தேசியப் பூங்காத் துறையும் பி.எல்.எம்.மும் ஒன்றா அண்ணா?

இல்லை. இரண்டும் உள்துறை அமைச்சகத்துக்குள் இருக்கும் தனித்தனித் துறைகள். (அமெரிக்காவில் உள்துறை என்றால் போலீஸ் இல்லை, நிலம், நீர், கனிமம், பழங்குடி விவகாரம்.) பழைய பொது நில அலுவலகத்தையும் மேய்ச்சல் துறையையும் சேர்த்து 1946-இல் பி.எல்.எம்.மை உருவாக்கினார்கள். அதன் கையில் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. நாட்டில் பத்து ஏக்கருக்கு ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுபோக, பூமிக்கு அடியில் சுமார் 70 கோடி ஏக்கர் கனிம உரிமையையும் அதுதான் பார்த்துக்கொள்கிறது. இவ்வளவுக்கும் நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்குவது அண்மைக் காலத்தில் ஏறக்குறைய 140 கோடி டாலர். ஏக்கருக்கு ஆறு டாலர்கூட வராது.

கேள்வி: எண்ணெய், எரிவாயு குத்தகையில் கோடி கோடியாக வருமானம் வருகிறதே. அப்புறம் ஏன் நாடாளுமன்றத்திடம் கையேந்த வேண்டும்?

எனக்கும் முதலில் புரியாத இடம் இதுதான். நிலம் சம்பாதிப்பதும் துறை செலவழிப்பதும் ஒரே பையில் இல்லை. 1920-ஆம் ஆண்டின் கனிமக் குத்தகைச் சட்டப்படி, நிலத்திலிருந்து வரும் ராயல்டியில் (எடுக்கும் எண்ணெய், எரிவாயுவின் மதிப்பில் அரசுக்குத் தரும் பங்கு) பாதி அந்தந்த மாநிலத்துக்குப் போய்விடும் (அலாஸ்காவுக்கு மட்டும் 90 சதவீதம்). 40 சதவீதம் மேற்கு மாநிலங்களின் பாசனத் திட்டங்களுக்கான நிதிக்கு. மீதி 10 சதவீதம் கருவூலத்துக்கு. கிணறு தோண்டும் இடத்தைச் சோதித்து, பிறகு மண்ணைச் சீர்செய்தார்களா என்று கண்காணிக்கும் துறைக்கு இதில் நேரடிப் பங்கு கிடையாது.

அந்த ராயல்டி விகிதமும் நூறு வருடத்துக்கு மேல் 12.5 சதவீதமாகவே இருந்தது. 2022-இல் புதிய குத்தகைகளுக்கு 16.67 ஆக உயர்த்தினார்கள். 2025-இல் மறுபடி 12.5-க்கே இறக்கிவிட்டார்கள். தங்கம், வெள்ளி கதை இன்னும் மோசம். 1872-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் இன்றும் நடப்பில் இருப்பதால், கூட்டரசு (மத்திய அரசு) நிலத்தில் தோண்டியெடுக்கும் தங்கத்துக்குக் கூட்டரசு ராயல்டியே கிடையாது. பொதுச் சொத்தை இப்படிக் கொடுப்பது எனக்கு மனசு ஒப்பாத விஷயம்.

கேள்வி: மாடு மேய்ப்பவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்களாமே?

வாங்குகிறார்கள். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை 1.35 டாலர். விதிகள் அனுமதிக்கும் குறைந்தபட்சத் தொகையே அதுதான். தனியார் நிலத்தில் இதற்குச் சராசரியாக 20 டாலருக்கு மேல் ஆகும். மேய்ப்பவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும்: தனியார் நிலத்தில் வேலி, தண்ணீர் எல்லாம் தயாராக இருக்கும், இங்கே பல வேலைகளை அவர்களே செய்துகொள்ள வேண்டும். இருந்தாலும் மேய்ச்சல் திட்டத்தை நடத்தும் செலவுக்கு இந்த வரவு காணாது.

கேள்வி: காட்டுக் குதிரைகளுக்கு ஏன் அவ்வளவு செலவு? அவை தானே புல் மேயாதா?

மேயும். ஆனால் புல் போதவில்லை. 1971-இல் வந்த சட்டம் காட்டுக் குதிரைகளையும் கழுதைகளையும் காப்பாற்றச் சொல்கிறது. நிலம் தாங்கும் என்று துறை கணக்கிட்ட எண்ணிக்கை சுமார் 25,500. 2024-இல் வெளியில் இருந்தவை 73,000-க்கும் மேல். அதனால் பிடித்துக் கொட்டடிகளிலும் வாடகை மேய்ச்சல் நிலங்களிலும் வைக்கிறார்கள். அப்படி 60,000-க்கும் அதிகமான குதிரைகள் அரசுத் தீவனத்தில் வாழ்கின்றன. தத்தெடுக்க ஆள் கிடைக்காதவற்றுக்கு ஆயுள் முழுக்கச் சோறு போட வேண்டும். ஆரோக்கியமான குதிரையைக் கொல்ல நிதி மசோதாவே தடை போடுகிறது. அந்தத் தடை சரி என்பதே என் எண்ணம். ஆனால் திட்டத்துக்கு வரும் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பிடித்துவைத்த குதிரைகளுக்கே போய்விட்டால், வெளியில் இருப்பவற்றுக்குக் கருத்தடை ஊசி போட என்ன மிஞ்சும்? ஊசி போடாததால் எண்ணிக்கை ஏறுகிறது, ஏறியதால் மறுபடி பிடிக்கிறார்கள். ஐந்து வருடத்துக்குச் சேர்த்துத் திட்டமிட வேண்டிய வேலைக்கு வருடாவருடம் பணம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

கேள்வி: 2020-இல் பூங்காக்களுக்கென்று பெரிய சட்டம் வந்ததே, அதில் இவர்களுக்குப் பங்கு இல்லையா?

இருந்தது, சிறிய பங்கு. பழுதுபார்க்க ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 190 கோடி டாலர் வரை என்றார்கள். தேசியப் பூங்காத் துறைக்கு 70 சதவீதம், வனத்துறைக்கு 15. பி.எல்.எம்.முக்கு 5. அதுவும் சாலை, கட்டடம் போன்றவற்றுக்குத்தான். ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க அல்ல.

கேள்வி: லாஸ் வேகஸ் பக்கத்தில் ரெட் ராக் கேன்யனில் வண்டிக்குப் பணம் கட்டினோம். அது எங்கே போகும் என்று அக்காவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

அக்காவிடம் நல்ல செய்தி சொல்லுங்கள். 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படி வசூலிக்கும் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் அந்த இடத்துக்கே செலவாக வேண்டும். நீங்கள் கொடுத்த காசு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பி.எல்.எம். நிலத்தில் மிகப் பெரும்பகுதிக்கு வாசலும் இல்லை, கட்டணமும் இல்லை.

கேள்வி: அரசு முடங்கினால் என்ன ஆகும்?

நிதி ஆண்டு அக்டோபர் 1-இல் தொடங்கும். அதற்குள் மசோதா நிறைவேறாவிட்டால், தற்காலிக நீட்டிப்பு. அதுவும் இல்லாவிட்டால் முடக்கம். 2018 டிசம்பரில் தொடங்கியது 35 நாள், 2025 அக்டோபரில் தொடங்கியது 43 நாள். தீயணைப்பவர்கள் வேலையில் இருப்பார்கள். பலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திறந்தவெளி நிலத்துக்குப் பூட்டுப் போட முடியாது, அதனால் மக்கள் வந்துகொண்டே இருப்பார்கள்; குப்பை அள்ளவும் கழிப்பறை கழுவவும் ஆள் இருக்காது. அரசு ஊழியருக்குச் சம்பளப் பாக்கி பிறகு கிடைக்கும் என்று 2019-இல் சட்டம் வந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

கேள்வி: தலைமை அலுவலகத்தை வாஷிங்டனிலிருந்து மேற்கே மாற்றியபோது செலவு குறைந்ததா?

2019-இல் கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனுக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். நிலம் இருக்கும் இடத்தில் அதிகாரிகள் இருக்கட்டும், செலவும் மிச்சம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மேற்கே போகச் சொன்ன 328 பணியிடங்களில் இடம்பெயர்ந்தவர்கள் 41 பேர். மற்ற 287 பேர் ஓய்வு பெற்றார்கள் அல்லது வேறு வேலைக்குப் போனார்கள். 2021-இல் தலைமையகத்தை மறுபடி வாஷிங்டனுக்கே கொண்டுவர முடிவு செய்தார்கள். எந்த நிலத்தில் எந்த வழக்கு, எந்தக் குத்தகைக்கு என்ன நிபந்தனை என்று பல வருட விவரம் தெரிந்தவர்கள் விலகிப்போன அந்த 287 பேர். அந்த இடங்களுக்குப் புதிதாக ஆள் எடுத்து, பழக்கி, அதே அளவுக்குக் கொண்டுவர எத்தனை வருடச் சம்பளம் ஆகும் என்பதையும் மிச்சக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.