எம்பிஏ ஆய்வறிக்கையை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாக எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அறிமுகம், முந்தைய ஆய்வுகள், ஆய்வு முறை, தரவு அலசல், முடிவுகளும் பரிந்துரைகளும் என்ற ஐந்தும் படிப்பவருக்கான வரிசைதான். நான் ஆய்வு முறையை முதலில் எழுதினேன், யாரிடம், எத்தனை பேரிடம், எப்படிக் கேட்கப் போகிறோம் என்பது முடிவாகாமல் மற்றது எதுவும் நகராது.

பலரும் சறுக்குவது ஆய்வின் நோக்கங்களில். "ஊழியர் திருப்தியை ஆராய்தல்" என்றால் எதை அளப்பீர்கள்? "ஷிஃப்ட் நேரத்துக்கும் வேலையை விடும் எண்ணத்துக்கும் தொடர்பு உண்டா" என்று எழுதிப் பாருங்கள், கருதுகோள், கேள்வித்தாள், எந்தப் புள்ளியியல் சோதனை என்பதெல்லாம் அதிலிருந்தே வரும். எந்த நோக்கத்தோடும் சேராத கேள்வியைத் தூக்கிவிடுங்கள். அப்புறம் முதலில் ஒரு 30 பேரிடம் கொடுத்து க்ரான்பாக் ஆல்ஃபா (ஒரே விஷயத்தை அளக்கும் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்) போட்டுப் பாருங்கள், 0.7க்குக் கீழே வந்தால் கேள்விகளைத் திருத்த அப்போது நேரம் இருக்கும் (150 பேரிடம் பதில் வாங்கிய பிறகு தெரிந்தால் அழ வேண்டியதுதான்).

முந்தைய ஆய்வுகளை ஆளுக்கொரு பத்தியாக அடுக்காமல் கருத்து வாரியாகச் சேருங்கள். வயது, பாலினத்துக்கெல்லாம் பக்கத்துக்கு ஒரு பை சார்ட் வேண்டாம், ஒரே அட்டவணை போதும். சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்.