18 மில்லியனுக்கு போன காசும் கராஜ் சேல்ல கிடைச்ச பென்னியும்

கேள்வி: அண்ணா வணக்கம். நாங்க நியூஜெர்சில இருக்கோம், எனக்கு 41 வயசு, நானும் வைஃபும் வேலைக்கு போறோம். இந்த வருஷ போனஸ்ல 30,000 டாலர் கையில நிக்குது. 1933ல அடிச்ச ஒரு தங்கக் காசு 18 மில்லியன் டாலருக்கு மேல ஏலம் போச்சுன்னு ஒரு வீடியோ பாத்தேன், அதுலேந்து ரேர் காயின் பைத்தியம் பிடிச்சு ஆட்டுது. இதுக்கு நடுவுல ஒருத்தர் போன் பண்ணி, பழைய கம்பெனில சேத்த 401கே ரிட்டயர்மென்ட் பணத்த ஐஆர்ஏங்கற சொந்த ரிட்டயர்மென்ட் அக்கவுண்டுக்கு மாத்தி ரேர் காயினா வாங்கிடுங்க, வரியே கிடையாதுங்கறாரு. அப்புறம் பக்கத்து தெரு கராஜ் சேல்ல 5 டாலருக்கு வாங்கின சில்லறை டப்பால 1943ன்னு போட்ட செம்பு கலர் பென்னி, அதான் ஒரு சென்ட் காசு, ஒண்ணு கிடைச்சுது. கூகுள்ல போட்டா லட்சக்கணக்குல காட்டுது. ரெண்டு நாளா தூக்கமே இல்ல. என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, முதல்ல அந்த பென்னிய எடுத்துட்டு ஃப்ரிட்ஜ் கிட்ட போங்க, கதவுல இருக்கற மேக்னட் ஒண்ண உருவி அதுல வச்சுப் பாருங்க. ஒட்டிக்கிச்சுன்னா நிம்மதியா தூங்கலாம், உங்க காசு இரும்பு. 1943ல யுத்தத்துக்கு செம்பு வேணும்னு அந்த வருஷம் பென்னிய ஸ்டீல்ல அடிச்சு மேல துத்தநாகம் பூசினாங்க, கோடிக்கணக்குல அடிச்சாங்க, அதுமேல பின்னாடி யாராவது செம்பு முலாம் போட்டு விட்டிருப்பாங்க. முந்தின வருஷத்து செம்புத் தகடு கொஞ்சம் மெஷின்ல மிச்சமிருந்து தப்பித்தவறி அச்சாயிடுச்சு பாருங்க, அதுக்குத்தான் அந்த விலை. 1947ல மாசசூசெட்ஸ் மாநிலம் பிட்ஸ்ஃபீல்டுல ஒரு ஸ்கூல் பையனுக்கு கேன்டீன் சில்லறையில அப்படி ஒண்ணு வந்துச்சு. கவர்மெண்டுக்கு எழுதிக் கேட்டா, 1943ல செம்பு பென்னியே அடிக்கலன்னு பதில் வந்துச்சு. அவரு எதுக்கும் இருக்கட்டும்னு எழுபது வருஷம் பத்திரமா வச்சிருந்தாரு, 2019 ஜனவரில அது 2,04,000 டாலருக்கு போச்சு. உங்களுது ஒட்டலன்னா என்ன பண்ணணும்னு கடைசில சொல்றேன், அதுக்கு முன்னாடி அந்த 18 மில்லியன் கதைய பேசிடுவோம், ஏன்னா உங்க 30,000த்துக்கு ஆபத்து அங்கதான் இருக்கு.

1933ல ஃபிலடெல்ஃபியா மின்ட்ல, அதாவது காசு அடிக்கற கவர்மெண்ட் சாலைல, அந்த 20 டாலர் தங்கக் காசு 4,45,500 அடிச்சாங்க. அதே வருஷம் ஏப்ரல்ல ரூஸ்வெல்ட் ஜனங்க கையில இருக்கற தங்கத்த எல்லாம் ஒப்படைங்கன்னு ஆர்டர் போட்டுட்டாரு, அதனால இந்தக் காசு வெளியவே வரல, கிட்டத்தட்ட மொத்தத்தையும் உருக்கிட்டாங்க. ரெண்ட ஸ்மித்சோனியன் மியூசியத்துக்கு குடுத்தாங்க, சிலது பின்வாசல் வழியா வெளிய போயிடுச்சு. அதுல ஒண்ணு எகிப்து ராஜா ஃபாரூக் கிட்ட போச்சு, அதுக்கு 1944ல அமெரிக்க ட்ரெஷரியே தெரியாத்தனமா ஏற்றுமதி லைசென்ஸ் குடுத்து வச்சிருந்தது. அந்த ஒரு லைசென்ஸ்தான் பின்னாடி அந்தக் காச காப்பாத்துச்சு. 2002ல 75.9 லட்சம் டாலருக்கு ஏலம் போனப்ப, இந்தக் காச இப்பதான் அதிகாரபூர்வமா வெளியிடறோம்னு சொல்லி வாங்கினவர்கிட்ட முகமதிப்பு 20 டாலரையும் தனியா வாங்கிக்கிட்டாங்க! ஆனா ஃபிலடெல்ஃபியால ஒரு பழைய நகைக்கடைக்காரர் குடும்பம் லாக்கர்ல இதே மாதிரி பத்து காசு கிடைச்சுதுன்னு உண்மையான்னு பாத்து சொல்லுங்கன்னு மின்ட்ல குடுத்தாங்க, மின்ட் திருப்பித் தரவே இல்ல, பத்து வருஷத்துக்கு மேல கேஸ் நடந்து கடைசில கவர்மெண்டுதான் ஜெயிச்சுது. அதே வருஷம், அதே அச்சு, ஆனா இதுக்கு கோடி, அதுக்கு சைபர்.

சரி, கணக்குக்கு வருவோம். 2002ல 75.9 லட்சத்துக்கு வாங்கினது 2021 ஜூன்ல 1.887 கோடிக்கு போச்சு, நீங்க சொன்ன 18 மில்லியன் அதுதான். கேக்க பிரமாதமா இருக்கு, ஆனா 19 வருஷத்துல அது ரெண்டரை மடங்குதான், வருஷத்துக்கு சுமார் 5 சதவீதம் கூட்டு வட்டி. 2002ல அந்தக் காச வாங்கின அதே நாள்ல அமெரிக்க பங்குச் சந்தையோட எஸ் அண்ட் பி 500 இன்டெக்ஸ் 900 பக்கம் இருந்துச்சு, காசு வித்தப்ப 4,200ஐ தாண்டிடுச்சு, டிவிடெண்ட சேக்காமலே நாலரை மடங்குக்கு மேல. அதுவும் அந்த 1.887 கோடில ஏலக் கம்பெனி வாங்குறவர்கிட்ட வாங்கற பிரீமியமும் அடக்கம், வித்தவர் கைக்கு அது முழுசா வந்திருக்காது. இன்னொண்ணு பாருங்க, 1794ல அடிச்ச முதல் வெள்ளி டாலர், 2013ல 1 கோடி டாலருக்கு மேல போன முதல் காசு அது. வாங்கினவர் 2020ல மறுபடி ஏலத்துல விட்டாரு, கேட்ட விலை வரல, திரும்ப எடுத்துட்டுப் போனாரு. 2022லதான் 1.2 கோடிக்கு கைமாறுச்சு, வருஷக் கணக்குல போட்டா 2 சதவீதம். உலகத்துலயே தலைசிறந்த காசுக்கே இதுதான் நிலைமைன்னா, நீங்க 3,000 டாலருக்கு வாங்கற காசு என்ன சம்பாதிச்சுத் தரும்னு நெனைக்கறீங்க?

சின்ன காசுல இன்னும் மோசம், ஏன்னா வாங்கற விலைக்கும் விக்கற விலைக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கு. கடைக்காரர் 3,000க்கு குடுத்தத அடுத்த வாரம் அவர்கிட்டயே திருப்பிக் குடுத்தா 2,200, 2,400ன்னு ஆரம்பிப்பாரு. அவர குத்தம் சொல்லல, அவர் பொழப்பு அது. லாபம் வந்து வித்தாலும் வரில காயின் கலெக்டிபிள்ஸ், அதாவது சேகரிப்புப் பொருள், கணக்குல வருது, ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்து வித்தாலும் 28 சதவீதம் வரைக்கும் போகும், ஷேர்னா நம்ம மாதிரி ஆளுங்களுக்கு பெரும்பாலும் 15தான்.

அந்த போன்காரர் விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் கோவமாவே சொல்றேன், போன கட் பண்ணுங்க. ஐஆர்ஏ பணத்துல கலெக்டிபிள் வாங்கினா அந்தத் தொகைய நீங்க வெளிய எடுத்துட்டதாவே வரித்துறையான ஐஆர்எஸ் கணக்குல எழுதிக்கும், வருமான வரியும் கட்டணும், உங்க வயசுல அதுக்கு மேல 10 சதவீதம் அபராதமும் கட்டணும். அமெரிக்கன் ஈகிள் மாதிரி புல்லியன் காசுங்களுக்கு விலக்கு உண்டு, ஆனா அதெல்லாம் தங்கத்து விலைக்கு ஓடற காசு, ரேர் கிடையாது. இவங்க வழக்கமா தலையில கட்டறது சாதாரண வருஷத்து 20 டாலர் தங்கக் காச. அதுல 0.9675 அவுன்ஸ் தங்கம் இருக்கு, அன்னைக்கு தங்க விலைய போட்டுப் பெருக்கிப் பாருங்க, அதுக்கு மேல எவ்வளவு கேக்கறாருன்னு தெரிஞ்சுடும். கவர்மெண்ட் மறுபடி தங்கத்த புடுங்கிக்கும்னு பயமுறுத்தினா மயங்காதீங்க, தங்கம் வச்சுக்கக் கூடாதுங்கற அந்த 1933 தடை 1974 கடைசியோட போயாச்சு.

30,000த்துல ஆறு மாச செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இல்லன்னா அதுக்குத்தான் முதல் பங்கு, கிரெடிட் கார்டு பாக்கி இருந்தா அதையும் அடைச்சிடுங்க, மீதி இன்டெக்ஸ் ஃபண்ட். ஆசை விடலன்னா 1,500 ஒதுக்கி காயின் வாங்குங்க, போனா போகட்டும்ங்கற பணமா வச்சுக்கங்க. காச சோதிச்சு தரம் போடற பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி கம்பெனி சீல் பண்ணின பிளாஸ்டிக் பெட்டில இருக்கறத மட்டும் வாங்குங்க, பெட்டியையே போலியா பண்றாங்க, அதனால மேல இருக்கற நம்பர அவங்க சைட்ல போட்டு போட்டோவ ஒத்துப் பாருங்க.

இப்ப பென்னி. மேக்னட்ல ஒட்டலன்னா தராசுல வைங்க, ஸ்டீல் 2.7 கிராம், செம்பு 3.11 கிராம். எடையும் சரியா இருந்தா லென்ஸ் வச்சு அந்த 3ஐ பாருங்க, 1948 காசுல 8ஐ பாதி ராவி 3 ஆக்கறது பழைய வித்தை. தயவுசெஞ்சு புளி போட்டு தேச்சு பளபளன்னு ஆக்கிடாதீங்க, கழுவின காசுக்கு பாதி விலைகூட வராது. கடையில ஒருத்தர் போலின்னு சொன்னாலும் தூக்கிப் போட வேண்டாம். மொத்தமே அஞ்சு இருக்கற 1913 லிபர்ட்டி நிக்கல்ல ஒண்ண, வச்சிருந்தவர் 1962ல கார் விபத்துல செத்ததும், இது போலின்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டாங்க, நாப்பது வருஷம் அவர் குடும்பத்துல ஒரு அலமாரில கிடந்துச்சு. 2003ல மத்த நாலோட பக்கத்துல வச்சுப் பாத்தப்பதான் அசல்னு தெரிஞ்சுது, 2013ல 31 லட்சம் டாலருக்கு மேல போச்சு. அதனால சந்தேகம் இருந்தா அந்தக் கம்பெனிங்களுக்கே கிரேடிங்குக்கு அனுப்புங்க, இன்சூரன்ஸ் போட்டு ரெஜிஸ்டர்டு மெயில்ல அனுப்புங்க. ஒட்டிக்கிச்சுன்னா பொண்ணு பையன் யாராவது இருந்தா விளையாட குடுத்துடுங்க.