இடப்பக்கம் மட்டும் வளையாத குதிரை: கேள்வி பதில்

செராஸிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, பந்தயத்தை விட்டு வந்த எங்கள் குதிரை வலப்பக்கம் நன்றாக வளைகிறது. இடப்பக்கம் மரக்கட்டை. இடது கடிவாளத்தை இழுத்தே என் கை போச்சு.

முதலில் இழுப்பதை நிறுத்துங்கள் தம்பி. கோளாறு பெரும்பாலும் வலப்பக்கத்தில்தான். அங்கே தசை குறுகிக் கிடப்பதால் அந்தப் பக்கம் சுலபமாக மடங்குகிறது. இடப்பக்கம் வளைய அதே தசை நீள வேண்டும், நீளமாட்டேன் என்கிறது. இழுத்தால் உங்கள் இடது கையில் சாய்ந்துகொள்ளும். கழுத்து திரும்பும், உடம்பு வராது.

இருபது மீட்டர் வட்டம் போடுங்கள். இடது காலால் விலாவை லேசாக வெளியே அழுத்துங்கள். இடது கடிவாளத்தால் லேசாக வளையச் சொல்லுங்கள், குதிரை விட்டுக்கொடுத்த கணமே விரலைத் தளர்த்துங்கள். வலது கடிவாளம் தொய்யக்கூடாது. மேலிருந்து பார்த்தால் வட்டத்தின் உட்பக்கக் கண்ணின் இமைமுடி மட்டும் தெரிய வேண்டும். முகமே தெரிந்தால் அதிகம். பத்து மீட்டர் வட்டமெல்லாம் சில மாதம் கழித்து.

பந்தயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் எழுந்த பழைய அம்பாங் பந்தயத் திடலானாலும் சுங்கை பீசியானாலும், ஒரு திடலில் ஓட்டம் ஒரே திசைதான். ஆனால் பந்தயம் ஓடவே ஓடாத குட்டிகளுக்கும் இந்த ஒருபக்கச் சாய்வு உண்டு. மேயும்போது ஒரே முன்காலைத்தான் முன்னே வைக்கும் குட்டிகளைப் பார்த்திருப்பீர்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கச்சி: கஷ்டமான பக்கத்துக்கு இரண்டு மடங்கு வேலை கொடுக்கலாமா?

வேண்டாம்மா. அசந்த தசை முரண்டு பிடிக்கும், அதுவும் நம்ம ஊர் வெயிலில். நல்ல பக்கம் கொஞ்சம், கஷ்டப் பக்கம் நாலு சுற்று, மறுபடி நல்ல பக்கம். அப்புறம் லாயம்.

காஜாங் ஐயா ஒருவர்: செம்பனைத் தோட்டப் பாதையில் நேராகத்தான் போகிறோம். அதிலும் கோணுமா?

கோணும் ஐயா. டிராட்டில், அதாவது துள்ளுநடையில், சேணத்தில் எழுந்து உட்காரும்போது எப்போதும் ஒரே முன்கால் முன்னே போகையில் எழுந்தால் முதுகு ஒரு பக்கம் மட்டும் உழைக்கும். அவ்வப்போது ஒரு தாளம் கூடுதலாக உட்கார்ந்து மாற்றுங்கள். இடப்பக்கமாகவே ஏறுவதும் அப்படித்தான். இடுப்பின் இடப்பக்கம் வாள் தொங்கிய காலத்துப் பழக்கம் என்பார்கள். வாள் போய்விட்டது, சேணம் இன்னும் இடப்பக்கம் இழுபடுகிறது. முக்காலி போட்டு இரு பக்கமும் ஏறிப் பழகுங்கள்.

இன்னொருவர்: போன வாரம்தான் திடீரென்று திரும்ப மறுக்கிறது.

திடீரென்றால் அது பழக்கமல்ல, பெரும்பாலும் வலி. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு பல், முதுகு, குளம்பு மூன்றையும் பாருங்கள், சேணத்தையும் பாருங்கள். எல்லாம் சரியென்றால் யாரையாவது பின்னால் நின்று உங்களைப் படமெடுக்கச் சொல்லுங்கள். என் படத்தில் என் வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அதுவரை குதிரையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.